‘சரி’ என்று அழுத்தும் விரல் யாருடையது?

தெல்லிப்பழைச் சந்தியை அண்டிய கொமினிக்கேஷன் கடைகளில் பின்னேரங்களில் நடப்பது இது. கனடாவிலிருந்தோ லண்டனிலிருந்தோ பிள்ளை அனுப்பிய போனைப் பையிலிருந்து எடுத்து நீட்டுவார் ஒரு தாய். “தம்பி, இதில வட்ஸ்அப் போட்டுத் தாங்கோ. பேரப்பிள்ளையின்ர முகத்தைப் பாத்துக் கதைக்கவேணும்.” கடைப் பொடியன் கெட்டிக்காரன். கணக்குத் திறப்பான், செயலியை இறக்குவான், வருகிற திரைகளை எல்லாம் ‘அடுத்து’, ‘ஏற்கிறேன்’, ‘அனுமதி’ என்று அழுத்திக்கொண்டே போவான். பத்து நிமிடத்தில் போன் தயார். தாய் கேட்டது ஒரேயொரு விசயம். அவர் பெயரில் அந்தப் பத்து நிமிடத்தில் எத்தனை சம்மதங்கள் கொடுக்கப்பட்டன என்று அவருக்கும் தெரியாது, பொடியனுக்கும் நினைவிராது.

இந்த அத்தியாயம் அந்தப் பத்து நிமிடத்தைப் பற்றியது. போனை வைத்திருப்பவரே திரையை வாசித்து, விளங்கி, அழுத்துகிறார் என்றுதான் மென்பொருள் நிறுவனங்களும் சட்டம் எழுதுபவர்களும் எடுத்துக்கொள்கிறார்கள். எங்கள் ஊரில் அது அரிது. போன் அம்மாவுடையது, விரல் கடைப் பொடியனுடையது. இல்லையென்றால் ரொறன்ரோவில் இருந்துகொண்டு “அந்தப் பச்சையை அமத்துங்கோ அம்மா” என்று வீடியோவில் சொல்லும் மகன்தான் உண்மையில் அழுத்துகிறார். திரையில் வருவது பெரும்பாலும் ஆங்கிலம். ஆகவே இங்கே இரண்டு பேருக்கு வேலை இருக்கிறது. அழுத்துகிறவர் வாசித்துச் சொல்ல வேண்டும். போனுக்கு உரியவர் தீர்மானிக்க வேண்டும். இனி வருபவை அந்த இருவருக்குமாக எழுதப்பட்டவை.

நிறுவிய கணத்தில் வெளியே போவது

ஒரு செயலியை நிறுவும்போது போனுக்குள் ஏதோ வருகிறது என்று தெரிகிறது. அதே நேரத்தில் போனிலிருந்து வெளியே போவது கண்ணுக்குத் தெரிவதில்லை.

பேஸ்புக்கில் ஒரு விளம்பரம் வருகிறது என்று வையுங்கள்: சாதகம் பார்க்கும் செயலி, இலவசம். நீங்கள் அதைத் தொடுகிறீர்கள். இன்ன போனிலிருந்து இன்ன நேரத்தில் தொட்டார்கள் என்று விளம்பர நிறுவனம் குறித்துக்கொள்கிறது. பிளே ஸ்ரோர் திறக்கிறது, நிறுவுகிறீர்கள். எந்த விளம்பரத்தின் வழியாக நீங்கள் வந்தீர்கள் என்ற குறிப்பைச் செயலிக்குக் கையளிக்கும் ஏற்பாடு பிளே ஸ்ரோரிலேயே இருக்கிறது. செயலியை முதற்தடவை திறந்ததும், அதற்குள் பொதிந்து வைக்கப்பட்டிருக்கும் வேறொரு நிறுவனத்தின் நிரல்துண்டு அந்தக் குறிப்பையும் போனின் விவரங்களையும் எடுத்துத் தன் நிறுவனத்துக்கு அனுப்புகிறது. அங்கே இரண்டையும் பொருத்திப் பார்க்கிறார்கள். பொருந்தினால் விளம்பரத்தைக் காட்டியவருக்குக் காசு. ஒரு நிறுவலுக்கு இவ்வளவு என்று விலைபேசி விளம்பரம் போடுவது வழமை என்பதால், நிறுவல்களை எண்ணி உறுதிப்படுத்துவதே ஒரு தொழிலாக வளர்ந்திருக்கிறது. அப்ஸ்பிளையர், அட்ஜஸ்ட், பிராஞ்ச் என்பவை அந்தத் தொழிலின் பெரிய நிறுவனங்கள். சாதகம் பார்க்கப் போனவர் இவற்றின் பெயரைக்கூடக் கேள்விப்பட்டிருக்க மாட்டார்.

இந்தப் பொருத்தத்துக்கு அச்சாணி ‘விளம்பர அடையாள எண்’. அன்ட்ரொய்ட் போனிலும் ஐபோனிலும் இயங்குதளமே உருவாக்கி வைக்கிற, எழுத்தும் இலக்கமும் கலந்த நீண்ட தொடர் அது. உங்கள் பெயரோ தேசிய அடையாள அட்டை இலக்கமோ அதில் இல்லை. வாகனத்தின் இலக்கத்தகட்டிலும் சொந்தக்காரரின் பெயர் இருப்பதில்லை; ஆனாலும் ஒரே தகட்டைக் கோயிலடியிலும் வைத்தியசாலை வாசலிலும் கண்டவர்கள் கூடிப் பேசினால் யாருடைய வாகனம் என்று கண்டுபிடிக்க அதிக நேரம் எடுக்காது. பத்துச் செயலிகள் ஒரே எண்ணைப் பார்த்தால், பத்தும் தனித்தனியே அறிந்தவற்றை அந்த எண்ணின் கீழ் ஒன்றாக அடுக்கலாம்.

எண்ணோடு சேர்ந்து போனின் மாதிரி, இயங்குதளத்தின் பதிப்பு, மொழி, நேர வலயம், இணைய முகவரி, எந்த நிறுவனத்தின் சிம் போன்ற விவரங்களும் போகலாம். இவற்றில் பலவற்றுக்கு எந்த அனுமதித் திரையும் வராது. இலங்கைக்கும் இந்தியாவுக்கும் நேரம் ஒன்றுதான் என்றாலும் போன் தன் நேர வலயத்தைக் கொழும்பு என்று பெயர் சொல்லித்தான் வைத்திருக்கிறது. மொழி தமிழ், வலயம் கொழும்பு என்ற இரண்டே விவரங்கள் போதும், உலகத்தின் கோடிக்கணக்கான போன்களிலிருந்து இலங்கைத் தமிழர் ஒருவரின் போனைப் பிரித்தெடுக்க. ‘பெயரில்லாமல்தான் சேகரிக்கிறோம்’ என்று நிறுவனங்கள் சொல்லும்போது இதை நினைவில் வையுங்கள். கூட்டம் பெரிதாக இருந்தால்தான் ஒருவர் அதில் மறையலாம். சென்னையில் ஒரு குறிப்பிட்ட மாதிரிப் போன் இலட்சக்கணக்கில் இருக்கும். பிள்ளை அனுப்பிய விலையுயர்ந்த போன், தமிழ் மொழி, வலிகாமம் வடக்கில் ஓர் இடம் என்று வந்தால் மிஞ்சுவது ஒரு சில வீடுகள்தான்.

பிரித்தானியாவின் பிரைவசி இன்ரர்நஷனல் அமைப்பு 2018 டிசம்பரில் 34 அன்ட்ரொய்ட் செயலிகளைச் சோதித்து ஓர் அறிக்கை வெளியிட்டது. அவற்றில் 61 சதவீதமானவை, பயனர் செயலியைத் திறந்த உடனேயே பேஸ்புக்குக்குத் தரவு அனுப்பின. பேஸ்புக் கணக்கே இல்லாதவர்களின் போனிலிருந்தும் அது நடந்தது. சம்மதம் கேட்கும் திரை வருவதற்கு முன்பே தரவு போய்விட்டால், அதன் பிறகு ‘வேண்டாம்’ என்று அழுத்துவதால் என்ன பயன்?

எந்தெந்தச் செயலி என்பதே ஒரு தகவல்

தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையின் புற்றுநோய்ப் பிரிவுக்கு வடமாகாணம் முழுவதிலும் இருந்து ஆட்கள் வருகிறார்கள். முறை வரும்வரை காத்திருக்கும் நேரம் நீண்டது, கையில் போன். மருந்து வேளையை நினைவூட்டும் செயலி, நோயின் பெயரைச் சொல்லி உணவு ஆலோசனை தரும் செயலி என்று தேடி அந்த வாங்கில் இருந்தபடியே நிறுவுகிறவர்கள் இருப்பார்கள். நோயை அயலுக்குச் சொல்லாத குடும்பங்கள் எங்களிடையே ஏராளம். வீட்டில் கலியாணம் பேசுகிற வயதில் பிள்ளை இருந்தால் சொந்தத்துக்கே சொல்லமாட்டார்கள். அப்படிப் பொத்திவைத்த செய்தியை, செயலி நிறுவிய அந்தக் கணம் முன்பின் தெரியாத நிறுவனங்களுக்குச் சொல்லிவிடக்கூடும். செயலிக்குள் ஒரு சொல்லும் எழுத வேண்டியதில்லை. அதை நிறுவியதே போதும்.

போனில் இருக்கும் செயலிகளின் பட்டியலுக்கு இதனால்தான் மதிப்பு. ருவிற்றர் 2014 நவம்பரில், தன் பயனர்களின் போன்களில் வேறென்ன செயலிகள் இருக்கின்றன என்ற பட்டியலைச் சேகரிக்கப்போவதாக அறிவித்தது. அந்தக் காலத்தில் அன்ட்ரொய்ட்டில் எந்தச் செயலியும் மற்றச் செயலிகளின் பட்டியலைத் தாராளமாகப் பார்க்கலாம். 2020இல் வந்த அன்ட்ரொய்ட் 11தான் அதற்குக் கட்டுப்பாடு போட்டது. பழைய போன்களில் அந்தக் கட்டுப்பாடு இல்லை. வெளிநாட்டிலிருந்து கைமாறி வரும் போனில் முதலில் பார்க்க வேண்டியது இந்தப் பதிப்பு எண்ணைத்தான்.

தொழுகை நேரம் சொல்லும் முஸ்லிம் புரோ என்ற செயலியின் கதையும் தெரிந்திருக்க வேண்டியது. அதன் பயனர்களின் இருப்பிடத் தரவு எக்ஸ்-மோட் என்ற தரகு நிறுவனத்துக்குப் போனதையும், அந்தத் தரகரின் வாடிக்கையாளர்களில் அமெரிக்க இராணுவத்தின் ஒப்பந்தக்காரர்கள் இருந்ததையும் 2020 நவம்பரில் பத்திரிகையாளர்கள் வெளிக்கொண்டுவந்தார்கள். அந்தத் தொடர்பைத் துண்டிப்பதாகச் செயலி நிறுவனம் அதன் பிறகு அறிவித்தது. வழிபாட்டு நேரம் பார்ப்பதற்கு நிறுவிய ஒன்று யார் கைக்குப் போய்ச் சேர்ந்தது என்று பாருங்கள்.

பட்டியல் என்றால் என்ன என்று வலிகாமம் வடக்கு மக்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. 1990இல் இடம்பெயர்ந்த நாளிலிருந்து நிவாரணத்துக்கு ஒரு பதிவு, முகாமுக்கு ஒரு பதிவு, மீள்குடியேற்றத்துக்கு ஒரு பதிவு என்று வாழ்ந்தவர்கள் நாங்கள். 1983 யூலையில் கொழும்பில் தமிழர் வீடுகளைத் தேடிப்போனவர்களின் கையில் வாக்காளர் பட்டியல் இருந்தது பல சாட்சியங்களிலும் நூல்களிலும் பதிவாகியிருக்கிறது. தேர்தலுக்காக எழுதப்பட்ட பட்டியல் அது. பெயரைக் கொடுத்தவர்கள் வாக்களிக்கக் கொடுத்தார்கள். ஒரு தேவைக்குக் கொடுத்த விவரம் இன்னொரு தேவைக்குப் பயன்படும்போது யார் உயிரைக் கொடுத்தார்கள் என்பதை அறிந்த சமூகம், போனில் வருகிற ‘ஏற்கிறேன்’ பொத்தானை இவ்வளவு இலேசாக எடுத்துக்கொள்வது எனக்குத் தாங்கமுடியாததாக இருக்கிறது.

அழித்த பிறகும்

“பிடிக்காவிட்டால் அழித்துவிடலாம்தானே” என்று கடையில் சொல்வார்கள். அழிக்கலாம். அழித்ததும் கவனிக்கப்படுகிறது.

அதில் மிகவும் பேசப்பட்ட கதை ஊபருடையது. செயலியை நீக்கி, போனைத் துடைத்த பிறகும் அது அதே ஐபோன்தான் என்று கண்டுகொள்ளும் முறை ஒன்றை ஊபர் தன் செயலிக்குள் வைத்திருந்தது. மோசடிக் கணக்குகளைப் பிடிக்கத்தான் என்பது அவர்கள் சொன்ன காரணம். அப்பிளின் விதிகளுக்கு அது மாறானது. ஆகவே அப்பிளின் தலைமையகப் பகுதியில் இருப்பவர்களின் போனில் மட்டும் இந்த வேலை தெரியாதபடி மறைத்தார்கள். 2015இல் அப்பிளின் தலைவர் ரிம் குக், ஊபரின் தலைவர் ட்ராவிஸ் கலனிக்கை நேரில் அழைத்து நிறுத்தச் சொன்னதாக 2017 ஏப்ரலில் நியூயோர்க் ரைம்ஸ் எழுதியது.

2018இல் இன்னொன்று வெளிவந்தது. செயலி நிறுவனங்கள் போனுக்குச் சத்தமில்லாத அறிவித்தல் ஒன்றை இடைக்கிடை அனுப்புகின்றன. திரையில் எதுவும் தோன்றாது. செயலி இருந்தால் பதில் போகும், இல்லாவிட்டால் போகாது. பதில் வராத போன்களில் செயலி நீக்கப்பட்டுவிட்டது என்று கணக்கு. நீக்கியவரைத் தேடி, திரும்ப நிறுவச் சொல்லும் விளம்பரம் வரும். கூகிளின் பயர்பேஸ் கருவியை எடுத்துக்கொண்டால், அன்ட்ரொய்ட்டில் செயலி முதலில் திறக்கப்பட்டதையும் பின்னர் அகற்றப்பட்டதையும் அது தானாகவே பதிவுசெய்கிறது. செயலி எழுதுபவர் அதற்கென்று ஒரு வரிகூட எழுதத் தேவையில்லை.

எது சம்மதம்

இலங்கையில் இதற்கு இப்போது ஒரு சட்டம் இருக்கிறது: 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க, தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம். சம்மதம் என்பது சுயவிருப்பத்தோடும், குறித்த ஒன்றுக்காகவும், விசயத்தை அறிந்தும், ஐயத்துக்கு இடமில்லாமலும், ஒரு செயலாலோ எழுத்தாலோ தரப்பட வேண்டும் என்று அது சொல்கிறது. தந்த சம்மதத்தை மீளப்பெறலாம். உடல்நலம், மதம், இனம் பற்றிய தரவுகளுக்கும் பிள்ளைகளின் தரவுகளுக்கும் கூடுதல் காப்பு உண்டு. 16 வயதுக்குக் குறைந்தவர் இந்தச் சட்டத்தில் பிள்ளை. அவருக்காகச் சம்மதிக்க வேண்டியவர் பெற்றோர் அல்லது பாதுகாவலர். சட்டம் கட்டங்கட்டமாக நடைமுறைக்கு வருகிறது. அதை நடைமுறைப்படுத்தும் தரவுப் பாதுகாப்பு அதிகாரசபை 2023இல் அமைக்கப்பட்டது. 2025 மார்ச்சில் தொடங்கவிருந்த பிரதான பகுதிகள் ஒத்திவைக்கப்பட்டன. அந்த ஆண்டே திருத்தமும் வந்தது. முறைப்பாடு செய்ய நினைப்பவர் எந்தப் பகுதி நடைமுறையில் இருக்கிறது என்று வர்த்தமானியைப் பார்த்துவிட்டு இறங்குவது நல்லது.

ஐரோப்பாவில் நீதிமன்றங்கள் இதில் முன்னே போயிருக்கின்றன. முன்கூட்டியே சரி போட்டு வைத்த பெட்டி சம்மதம் ஆகாது என்று ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் 2019 ஒக்ரோபர் 1இல் தீர்ப்பளித்தது. பிளானற்49 என்ற ஜேர்மன் நிறுவனத்தின் வழக்கு அது. விளையாட்டுச் செயலிகள் வெளியிடும் வூடூ என்ற நிறுவனத்துக்குப் பிரான்சின் தரவுப் பாதுகாப்பு ஆணையம் 2022 டிசம்பரில் 30 இலட்சம் யூரோ தண்டம் விதித்தது. ஐபோனில் பயனர் ‘என்னைத் தொடராதே’ என்று அழுத்திய பிறகும் வேறோர் அடையாள எண்ணை விளம்பரத்துக்குப் பயன்படுத்தியதே குற்றம். வல்வெட்டித்துறையிலோ தெல்லிப்பழையிலோ பிறந்து பாரிசில் வாழ்கிற எங்கள் பிள்ளைகளுக்கு இந்தக் காப்பு ஏற்கனவே கிடைக்கிறது. அதே செயலி ஊரில் இருக்கும் அம்மாவின் போனில் அப்படி நடந்துகொள்ளும் என்று எதிர்பார்க்க முடியாது. ஆகவே அந்த வேலையை நாங்களே செய்ய வேண்டியிருக்கிறது.

கையால் செய்ய வேண்டியவை

புதுப் போனோ கைமாறிய போனோ, முதலில் அதைத் தொழிற்சாலை நிலைக்குத் திருப்புங்கள். முன்பு வைத்திருந்தவரின் கணக்கும் அவர் கொடுத்த அனுமதிகளும் அதோடு போகும். பிறகு கூகிள் கணக்கு. சில கடைகளில் பொடியன்களே ஒரு ஜீமெயில் திறந்து, கடவுச்சொல்லைக் கொப்பியில் எழுதி வைத்துக்கொள்கிறார்கள். உதவி என்றுதான் செய்கிறார்கள். ஆனால் அந்தக் கணக்குக்கு உரியவர் இப்போது கடைதான். கடவுச்சொல்லை அம்மாவே அழுத்தட்டும், நேரம் எடுத்தாலும் பரவாயில்லை. மீட்பு இலக்கமாக வீட்டில் ஒருவரின் இலக்கத்தைக் கொடுங்கள்.

அடுத்தது விளம்பர அடையாள எண். அன்ட்ரொய்ட்டில் செற்றிங்ஸ், அதற்குள் கூகிள், அதற்குள் அட்ஸ் என்று போனால் அந்த எண்ணை அழிக்கும் வசதி இருக்கிறது. சில போன்களில் பிரைவசி என்ற பகுதிக்குள் இருக்கும். அழித்த பிறகு எண்ணைக் கேட்கும் செயலிகளுக்கு வெறும் பூச்சியங்கள்தான் கிடைக்கும். ஐபோனில் செற்றிங்ஸ், பிரைவசி அன்ட் செக்கியூரிற்றி, ட்ரக்கிங் என்று போய், தொடர்வதற்கு அனுமதி கேட்கச் செயலிகளை விடும் ஆளியை மூடிவிடுங்கள். 2021 ஏப்ரலில் வந்த ஐ.ஓ.எஸ். 14.5 இலிருந்து இந்த வசதி உண்டு. இந்த ஒரு வேலையை மட்டும் செய்தாலே, முன்பு சொன்ன பொருத்தம் பார்க்கும் தொழிலுக்குப் பெரிய கை ஒன்று முறிந்துவிடும். செயலிகளை நிறுவுவதற்கு முன்பே இதைச் செய்ய வேண்டும் என்பதுதான் முக்கியம். நிறுவிய பிறகு செய்தால் பழைய எண் ஏற்கனவே போய்ச் சேர்ந்திருக்கும்.

செயலியைத் தேர்ந்ததும் பிளே ஸ்ரோரில் அதன் பக்கத்தைக் கொஞ்சம் கீழே தள்ளிப் பாருங்கள். தரவுப் பாதுகாப்பு என்ற பகுதி 2022 முதல் அங்கே இருக்கிறது. என்ன சேகரிக்கிறோம், யாருக்குக் கொடுக்கிறோம் என்று செயலியை எழுதியவரே அதில் நிரப்புகிறார். அவர் சொல்லுகிறார், கூகிள் எல்லாவற்றையும் பரிசோதித்துச் சான்று தருவதில்லை. அந்த அளவுக்கு மட்டும் நம்புங்கள். இன்னும் ஆழமாகப் பார்க்க விரும்புபவருக்குப் பிரான்சின் எக்ஸோடஸ் பிரைவசி என்ற இலாபநோக்கற்ற அமைப்பின் தளம் உண்டு. செயலியின் பெயரைக் கொடுத்தால் அதற்குள் எந்தெந்தப் பின்தொடரும் நிரல்துண்டுகள் இருக்கின்றன என்று பட்டியலிட்டுக் காட்டும். கடை வைத்திருப்பவர்கள் தாங்கள் வழமையாகப் போட்டுக்கொடுக்கும் செயலிகளை ஒருமுறையாவது அதில் பார்த்து வைக்க வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

அனுமதித் திரைகள் வரும்போது அழுத்துகிறவர் நிறுத்திச் சொல்ல வேண்டும். இப்படி:

“அம்மா, இந்த லைற் அப் உங்கட போனில இருக்கிற எல்லாற்ற நம்பரையும் பாக்கக் கேக்குது. குடுக்கட்டோ?”

“வெளிச்சம் அடிக்கிறதுக்கு நம்பர் என்னத்துக்குத் தம்பி?”

“தேவையில்லை அம்மா.”

“அப்ப வேண்டாமெண்டு சொல்லு.”

இது அரை நிமிட வேலை. அம்மாவுக்குத் தொழில்நுட்பம் விளங்காது என்று நினைப்பது தவறு. கேள்வியைத் தமிழில் கேட்டால் தீர்மானம் தெளிவாக வரும். இருப்பிடம் கேட்டால் ‘இந்த முறை மட்டும்’ என்ற தெரிவு அன்ட்ரொய்ட் 11 முதல் இருக்கிறது. பஸ் நேரம் பார்க்கும் செயலிக்கு அதற்கு மேல் தேவையில்லை.

தொடர்பு இலக்கங்களில் மட்டும் பிடிவாதமாக இருங்கள். அந்தப் பட்டியலில் இருப்பவை உங்கள் இலக்கங்கள் அல்ல. கனடாவில் இருக்கும் அக்காவுடையது, வைத்தியருடையது, பாதுகாப்புக் காரணத்தால் இலக்கத்தை யாருக்கும் கொடுக்காத ஒருவருடையது. அவர்கள் யாரும் சம்மதிக்கவில்லை. 2020, 2021 காலத்தில் தமிழ்நாட்டிலும் தெலங்கானாவிலும் உடனடிக் கடன் செயலிகள் செய்த அட்டூழியம் எல்லாம் இந்த அனுமதியிலிருந்து தொடங்கியதுதான். கடன் தவணை தவறியவரின் போனில் இருந்த இலக்கங்களுக்கெல்லாம் அழைத்து அவமானப்படுத்தினார்கள். தற்கொலைகள் நடந்தன. தனிநபர் கடன் செயலிகள் தொடர்புகளையும் படங்களையும் தொடக்கூடாது என்ற விதியைக் கூகிள் 2023 மே 31 முதல்தான் நடைமுறைப்படுத்தியது. வட்ஸ்அப்புக்குத் தொடர்புகளைக் கொடுக்க வேண்டியிருக்கிறதே என்று கேட்பீர்கள். கொடுக்காமலும் அது இயங்கும், பெயர்கள் வராது, இலக்கங்களாகத் தெரியும். ஐ.ஓ.எஸ். 18 உள்ள ஐபோனில் தெரிந்தெடுத்த சிலரை மட்டும் காட்டலாம். மகள், மகன், பேரப்பிள்ளை என்று மூன்று பேரைக் கொடுத்தால் அம்மாவின் தேவை முடிந்தது.

தமிழில் எழுத விசைப்பலகைச் செயலி போடும்போது கூடுதல் கவனம் வேண்டும். நீங்கள் அழுத்தும் ஒவ்வொரு எழுத்தும் அதன் வழியாகத்தான் போகிறது. அன்ட்ரொய்ட்டும் அதைச் சொல்லி எச்சரிக்கும். ஏ.ஐ.ரைப் என்ற விசைப்பலகையின் 3 கோடியே 10 இலட்சம் பயனர்களின் விவரங்கள் பூட்டில்லாத தரவுத்தளம் ஒன்றில் திறந்து கிடந்தது 2017 டிசம்பரில் தெரியவந்தது. இப்போது கூகிளின் விசைப்பலகையிலும் ஐபோனிலும் தமிழ் உள்ளேயே இருக்கிறது. புதிதாக ஒன்று தேவையா என்று முதலில் யோசியுங்கள்.

டேட்டாவை மிச்சம் பிடிக்க, நண்பரின் போனிலிருந்து செயலியை நேரே மாற்றிக்கொள்வதும், வட்ஸ்அப்பில் வந்த கோப்பைத் தட்டி நிறுவுவதும் இங்கே சாதாரணம். அதைச் செய்யாதீர்கள். அந்தக் கோப்பைக் கைமாறும் வழியில் யார் மாற்றியிருக்கிறார்கள் என்று அறிய வழியில்லை.

கணினியில் விண்டோஸ் நிறுவும்போது இருப்பிடம், பரிசோதனைத் தரவு, விளம்பர எண் என்று வரிசையாக ஆளிகள் உள்ள திரை ஒன்று வரும். எல்லாம் திறந்தபடியே இருக்கும். நீங்கள் கீழே உள்ள ஏற்புப் பொத்தானை மட்டும் அழுத்தினால் எல்லாவற்றுக்கும் சம்மதம் என்று பொருள். ஒவ்வொன்றாக மூடிவிட்டு அழுத்துங்கள். மைக்ரோசொப்ட் கட்டாயம் என்று வைத்திருக்கும் அளவு பரிசோதனைத் தரவு அப்போதும் போகும்.

டெபியன் லினக்ஸ் என்ற இயங்குதளம் இதை வேறு விதமாகக் கேட்கிறது. எந்த மென்பொருள் பொதிகள் அதிகம் பயன்படுகின்றன என்று அறியும் கணக்கெடுப்பில் சேர விருப்பமா என்று நிறுவும்போதே ஒரு கேள்வி வரும். முன்கூட்டியே தெரிவுசெய்யப்பட்டிருக்கும் விடை ‘இல்லை’. சேர்ந்தால் வாரம் ஒருமுறை பட்டியல் போகும். முதல் இறுவட்டில் எந்தப் பொதிகளை வைப்பது போன்ற தீர்மானங்களுக்கு அது உதவும். கேள்வி, காரணம், என்ன போகும், எப்போது போகும் எல்லாம் ஒரே திரையில். மென்பொருள் செய்கிறவர்களுக்கு நான் காட்டும் முன்மாதிரி இதுதான்.

செயலி எழுதும் பிள்ளைகளுக்கு

யாழ்ப்பாணத்தில் இப்போது செயலி எழுதும் இளையோர் ஒரு தலைமுறையாக வந்துவிட்டார்கள். துர்க்கை அம்மன் கோயில் திருவிழாவுக்கு ஒன்று, மகாஜனக் கல்லூரிப் பழைய மாணவருக்கு ஒன்று, யூனியன் கல்லூரிப் பிள்ளைகளின் பயிற்சிக்கு ஒன்று என்று எழுத நினைப்பவர்கள் இதைக் கேளுங்கள். எத்தனை பேர் நிறுவினார்கள், எந்த நாட்டில், எந்த மாதிரிப் போனில், எத்தனை பேர் நீக்கினார்கள் என்ற தொகை விவரங்களைக் கூகிளின் பிளே கொன்சோல் உங்களுக்கு எப்படியும் தருகிறது. இதற்காக வேறொருவரின் நிரல்துண்டைச் செயலிக்குள் வைக்க வேண்டிய தேவையே இல்லை. பயர்பேஸ் வைத்தே தீர வேண்டுமென்றால் அதன் பகுப்பாய்வைத் தொடக்கத்தில் அணைத்து வையுங்கள். அதற்கான ஒற்றை வரி மனிபெஸ்ற் கோப்பில் போடலாம். பயனர் தமிழில் வாசித்து ‘ஆம்’ என்ற பிறகு திறவுங்கள். ‘இல்லை’ என்றவருக்கும் செயலி முழுமையாக வேலை செய்ய வேண்டும். வேலை செய்யாது என்று பயமுறுத்தி வாங்குவது சுயவிருப்பம் அல்ல.

பள்ளிப் பிள்ளைகளுக்கான செயலியில் இந்தப் பொறுப்பு இரட்டிப்பாகும். கொரோனாக் காலத்தில் 49 நாடுகளில் பயன்பட்ட 160க்கு மேற்பட்ட கல்விச் செயலிகளையும் தளங்களையும் ஹியூமன் ரைற்ஸ் வொச் ஆராய்ந்து 2022 மே மாதம் வெளியிட்ட அறிக்கையில், கிட்டத்தட்டப் பத்தில் ஒன்பது பிள்ளைகளின் உரிமைக்குப் பாதகமாகத் தரவைக் கையாண்டதாகக் கண்டது. அவற்றில் பெரும்பாலானவற்றை அரசுகளே பரிந்துரைத்திருந்தன. ஆசிரியர் சொன்னார், பிள்ளை நிறுவியது. பெற்றோரிடம் யாரும் கேட்கவில்லை. வகுப்புக்கு ஒரு செயலியைச் சொல்லுமுன் அதில் என்ன இருக்கிறது என்று ஒரு பக்கத்தில் தமிழில் எழுதிப் பெற்றோர் கூட்டத்தில் கொடுக்கலாம். அந்தப் பக்கத்தை எழுத முடியாத அளவுக்குச் செயலி சிக்கலாக இருந்தால் வேறொன்றைத் தேடுங்கள்.

சம்மதத்தைத் திரும்பப் பெறுதல்

ஒரு செயலியை விட்டு விலகும்போது வரிசை முக்கியம். முதலில் செயலிக்குள் போய் உங்கள் கணக்கை அழியுங்கள். கணக்குத் திறக்க விடும் செயலிகள் அதை அழிக்கவும் வழி வைக்க வேண்டும் என்று அப்பிள் 2022 யூன் 30 முதல் விதித்திருக்கிறது. கூகிளும் பின்னர் அதே விதியைக் கொண்டுவந்து, இணையத்தின் வழியாகவும் அழிக்க ஏற்பாடு கேட்கிறது. கணக்கு அழிந்ததாகச் செய்தி வந்த பிறகு செற்றிங்ஸில் அந்தச் செயலியின் அனுமதிகளை ஒவ்வொன்றாக நீக்கி, சேமித்த தரவைத் துடைத்து, கடைசியில் செயலியை அகற்றுங்கள். அவசரத்தில் செயலியை முதலில் அகற்றிவிட்டவர்கள் பிளே ஸ்ரோரில் அதன் பக்கத்துக்குப் போனால் தரவுப் பாதுகாப்புப் பகுதியில் கணக்கை அழிக்கும் இணைப்பைக் காணலாம். இணைப்பு இல்லையென்றால் அதே பக்கத்தில் உள்ள மின்னஞ்சல் முகவரிக்கு எழுதுங்கள். நீண்ட கடிதம் தேவையில்லை. எந்தச் செயலி, எந்த மின்னஞ்சலில் அல்லது இலக்கத்தில் பதிந்தீர்கள், சம்மதத்தை இன்ன திகதியுடன் மீளப்பெறுகிறீர்கள், வைத்திருக்கும் தரவை அழித்து எழுத்தில் உறுதிப்படுத்த வேண்டும், வேறு யாருக்குக் கொடுத்திருந்தால் அவர்களின் பெயர்களையும் தர வேண்டும் என்ற ஐந்து விடயங்கள் போதும். அனுப்பியதன் பிரதியை வைத்திருங்கள். அம்மாவுக்காக எழுதுவதென்றால் அவரிடம் வாசித்துக் காட்டி, அவருடைய கணக்கிலிருந்தே அனுப்புங்கள்.